பிட்சரை எப்போது இறக்குவது

வரதராஜனுக்கு அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி இருந்தது. சிட்னியில், பென்டில் ஹில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், வாடகைக்கு விட்டிருந்த சின்ன ஃபிளாட் ஒன்றும் இருந்தது. அணி அவருக்குச் சொந்தமில்லை. ஆனால் அதை எப்படி நடத்த வேண்டும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத கருத்துகள் இருந்தன. ஃபிளாட் சொந்தம்; அதை எப்படி நடத்துவது என்று யாராவது கேட்டால் மனைவி நாகலட்சுமியின் முகத்தைப் பார்ப்பார்.

பேஸ்பால் பைத்தியம் பிடித்த கதை சிறியது. கம்பெனி வேலையாக அமெரிக்காவின் நடுவில், பனியைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஒரு நகரத்தில் நாலு வருஷம் இருந்தார். மாலையில் செய்ய ஒன்றுமில்லாததால் உள்ளூர் அணியைப் பார்க்க ஆரம்பித்தார். தோற்பதில் நல்ல பயிற்சி உள்ள அணி அது. சிட்னிக்கு வந்து கெல்லிவில்லில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் விடவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் ஆட்டம் இங்கே சனிக்கிழமை காலை டிபன் வேளைக்கு வரும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, இட்லியைப் பார்க்காமலே சாப்பிடுவார். இதைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. கெல்லிவில் நண்பர்கள் அத்தனை பேரும் கிரிக்கெட்காரர்கள். அவர் பேஸ்பால் என்று வாயைத் திறந்தால், “நம்ம கில்லிதண்டா மாதிரிதானே சார்?” என்று கேட்டுவிட்டுப் பிரியாணி எடுக்கப் போய்விடுவார்கள்.

அவருடைய முக்கியமான கருத்து அணியின் மேனேஜரைப் பற்றியது. அந்த ஆட்டத்தில் பந்து எறிபவரைப் பிட்சர் என்பார்கள். பிட்சர் களைத்துவிட்டார் என்று தோன்றினால் மேனேஜர் மைதானத்துக்குள் நடந்து போய்க் கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு, தான் நின்ற மண்மேட்டிலிருந்து இறங்கி வெளியே நடந்துவிட வேண்டும். மறுபேச்சு கிடையாது. வரதராஜனின் அணியில் ஒரு வயதான பிட்சர் இருந்தார். ஒரு காலத்தில் அணியையே தூக்கி நிறுத்தியவர். அந்த நன்றிக்காக மேனேஜர் அவரை இறக்கவே மாட்டார்; அணி தோற்றுக்கொண்டே இருக்கும்.

“பாரு, இன்னும் இறக்கலை. பாசம் வேற, மேட்ச் வேற. இந்த ஆளுக்கு அது புரியவே இல்லை” என்பார் வரதராஜன்.

“சட்னி போடட்டுமா?” என்பாள் நாகலட்சுமி.

பென்டில் ஹில் ஃபிளாட்டில் கணேசலிங்கமும் அவர் மனைவி ரஞ்சினியும் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். கணேசலிங்கம் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரதராஜன் அந்த ஃபிளாட்டை வாங்கும்போதே அதில் இருந்தார்கள்; கதவு ஜன்னல் மாதிரி வீட்டோடு சேர்ந்து வந்தவர்கள். குழாய் ஒழுகினால் கணேசலிங்கமே சரிசெய்துவிடுவார். வாடகை தானாக வந்தது. தீபாவளிக்குப் பலகாரம் இங்கிருந்து அங்கே போகும். சூடாகப் பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் அங்கிருந்து இங்கே வரும். மற்றபடி வீட்டுக்காரர் என்கிற முறையில் வரதராஜன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமில்லை. அதைச் சரியாகச் செய்து வந்தார்.

கெட்டது ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆரம்பித்தது. “வீட்டை நீங்களேவா மேனேஜ் பண்றீங்க?” என்று ஒருவர் கேட்டார். சொந்தமாக முடி வெட்டிக்கொள்கிறாயா என்று கேட்கும் தொனியில் கேட்டார். நாகலட்சுமிக்கு மானம் போய்விட்டது. அடுத்த வாரமே இருவரும், வாடகை வீடுகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளும் பொன்மனை பிராப்பர்ட்டி மேனேஜ்மென்டில் சேரப் போனார்கள்.

பொன்மனையின் ஆபீஸ் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது. புது உரிமையாளர் சேரும்போதெல்லாம் குத்துவிளக்கு ஏற்றுவது அங்கே வழக்கம். நெருப்பு வைத்தால் கூரையில் இருக்கும் கருவி கத்திக் கட்டிடத்தையே காலி செய்துவிடும் என்பதால் விளக்கு பேட்டரியில் எரியும். நாகலட்சுமி பயபக்தியோடு சுவிட்சைப் போட்டாள். நிறுவனர் கல்யாணசுந்தரம் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். சந்தன நிற சஃபாரி போட்ட, குரலை அளந்து விடுகிற மனிதர்.

“முதல் விதி சார். இனிமே நீங்க டெனன்ட்கிட்ட பேசக்கூடாது.”

“ஏன்?” என்றார் வரதராஜன்.

“பேசினா என்ன ஆகும்? அந்தம்மாவுக்கு மூட்டுவலின்னு தெரியவரும். பொண்ணு எந்த ஊர்ல இருக்குன்னு தெரியவரும். மனுஷங்களாத் தெரிய ஆரம்பிச்சுட்டா அப்புறம் எப்படி சார் மேனேஜ் பண்றது? என் அனுபவத்துல சொல்றேன், இந்தத் தொழிலுக்கு இருக்கிற ஒரே இடைஞ்சல் மனுஷங்கதான்.”

இனி இரு தரப்புக்கும் நடுவில் உறவாக இருக்கப்போகிறவர் என்று கிரிஜா என்ற பெண்ணை அறிமுகப்படுத்தினார். கிரிஜா கைகூப்பி, “உறவு நான்தான் சார்” என்றாள்.

பிறகு சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு மாட்டிய வாசகங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வோர் உரிமையாளரிடமும் அவருடைய வாடகைத் தத்துவத்தைக் கேட்டு வாங்கி, அதன்படி வீட்டை நடத்துவது பொன்மனையின் சிறப்பு. வரதராஜன் விழித்தார். அவரிடம் வாடகைத் தத்துவம் இல்லை. கல்யாணசுந்தரம் பேனாவோடு காத்திருந்தார். நாகலட்சுமி முழங்கையால் இடித்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, தம்மிடம் இருந்த ஒரே தத்துவத்தை எடுத்து விட்டார்.

“வயசான ஆளை, ஒரு காலத்துல நல்லா ஆடினான்னு நன்றிக்காக வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. களைச்சுப் போறதுக்கு முன்னாடியே இறக்கிடணும். நான் சொல்றது பேஸ்பால்ல.”

கல்யாணசுந்தரத்தின் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு வருஷத்துல இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை சார்” என்றார். வாசகம் ஒரு வாரத்தில் சுவரில் ஏறியது. கடைசி வாக்கியத்தை மட்டும் இடப் பற்றாக்குறையால் விட்டுவிட்டார்கள்.

உறவு தன் வேலையைத் தொடங்கியது. கிரிஜா வீட்டைப் பார்வையிடப் போனாள். ரஞ்சினி அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சூடாக ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள். கிரிஜா மூன்று தின்றாள், இரண்டு கட்டிக்கொண்டாள். பிறகு ஆபீசுக்குப் போய் வரதராஜனுக்குப் போன் செய்து, சமையலறையில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கும் செயல் நடைபெறுவதற்கான ஆதாரம் கிடைத்திருப்பதாகவும், அது நிரூபிக்கப்பட்ட ஒன்று என்றும் சொன்னாள். பால்கனித் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைக் கன்றை, கட்டிடத்தோடு தொடர்புடைய தாவரம் என்று வகைப்படுத்தியிருந்தாள்.

“அவங்க நல்லா வெச்சிருக்காங்களா வீட்டை?” என்று கேட்டார் வரதராஜன்.

“ரொம்ப நல்லா வெச்சிருக்காங்க சார். அதுதான் கவலையா இருக்கு. சொந்த வீடுன்னு நினைச்சுடுவாங்க.”

வரதராஜன் சரி என்றார். அவருடைய ஆபீசில் மீட்டிங் இருந்தது. இப்படி ஒவ்வொரு போனுக்கும் அவர் சரி என்றார். எதற்குச் சரி சொன்னோம் என்று பிறகு யோசிக்க முயன்றால் சனிக்கிழமை ஆட்டம்தான் நினைவுக்கு வந்தது.

அது 2012ஆம் வருஷக் குளிர்காலம்; சிட்னியில் அது ஜூனில் தொடங்கும். ஜூலையில் ஃபிளாட்டில் சுடுதண்ணீர் நின்றுபோனது. முன்பு என்றால் கணேசலிங்கம் வரதராஜனுக்கு ஒரு போன் போட்டிருப்பார். மறுநாள் பிளம்பர் வந்திருப்பார். இப்போது அப்படி முடியாது. பொன்மனை முதலில் தண்ணீர் குளிராக இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஒரு குழுவை அனுப்பியது. குழு நல்ல வெயிலடித்த மத்தியானம் ஒன்றில் வந்து குழாயில் கையை நீட்டி, குளிர்ச்சி உணரப்பட்டது, ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறக்கூடியது என்று முடிவு செய்தது. அடுத்ததாக வந்த பெண்மணி குளிர்ந்த நீரில் குளிப்பதன் நன்மைகளை ரஞ்சினிக்கு எடுத்துச் சொன்னாள். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ரஞ்சினி அதைக் கேட்டாள். பிளம்பர் மட்டும் வரவில்லை. இதில் எதுவும் வரதராஜனுக்குத் தெரியாது. உறவுக்குத் தெரியும், உறவு சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்ததும், நாகலட்சுமி அவரைப் பென்டில் ஹில் மளிகைக் கடைக்கு அனுப்பினாள். பருப்பு வரிசையில் கணேசலிங்கம் நின்றிருந்தார். வரதராஜனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பி நின்றுகொண்டார்.

“தம்பி, நாங்கள் கதைக்கக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம். நான் இந்தக் கடலையைப் பார்த்துக்கொண்டு சொல்லுறன். நீங்கள் பருப்பைப் பாருங்கோ.”

வரதராஜன் கீழ்ப்படிந்து பருப்பைப் பார்த்தார். தம் வீட்டில் குடியிருப்பவரிடம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“எப்படி அங்கிள் இருக்கீங்க?”

“இருக்கிறம். சுடுதண்ணி வருகுதில்லை, ஒரு மாசமாச்சு. கேத்தில்ல காய்ச்சி வார்க்கிறம். மனிசிக்கு முழங்கால் சரியான நோ. அதைவிடுங்கோ. வீட்டை விடச் சொல்லிட்டினம் எண்டதுதான்... உங்கட முடிவெண்டு சொல்லிச்சினம். நான் குறை சொல்லேல்லை தம்பி, உங்கட வீடு. ஆனா ஏனெண்டு தெரிஞ்சால் மனம் ஆறும். நாங்கள் ஏதும் பிழை விட்டனாங்களோ?”

வரதராஜன் திரும்பிப் பார்த்துவிட்டார். “நான் சொல்லலையே அங்கிள்.”

“அங்கால பாருங்கோ” என்றார் கணேசலிங்கம் மெதுவாக. “அந்தக் கிரிஜாப் பிள்ளை வரப்போகுது. இந்த வயசில புதுசா வீடு தேடுறது கஷ்டம். ஆரும் தரமாட்டினம். நோபல் பார்க்கில மகளிட்டப் போகலாம், அது வேற மாநிலம். அவ இருக்கிறதே சின்ன வீடு, கராஜைத்தான் ஒதுக்கித் தருவா. இவவுக்கு இங்கத்தைய டொக்டர், கோயில், எல்லாம் நடந்து போற தூரத்தில. உங்களால ஏலுமெண்டால் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.”

“இப்பவே கேக்கறேன்” என்றார் வரதராஜன். கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. பருப்பை வாங்க மறந்து, புடவைக் கடை மாடிக்கு ஏறினார்.

கல்யாணசுந்தரம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணங்கினார். “உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம் சார்.”

“கணேசலிங்கத்தை யாரு காலி பண்ணச் சொன்னது?”

கல்யாணசுந்தரம் சுவரைக் காட்டினார். வயதான ஆளை, ஒரு காலத்தில் நன்றாக ஆடினான் என்று நன்றிக்காக வைத்திருக்கக் கூடாது. களைத்துப் போவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். கீழே வரதராஜன், கெல்லிவில் என்று தங்க எழுத்தில் இருந்தது.

“அது பேஸ்பால்!”

“எல்லா ஆட்டமும் ஒண்ணுதான் சார். நாங்க எங்க சொந்த அபிப்பிராயத்துல ஒண்ணுமே செய்யறதில்லை. எங்களுக்கு அபிப்பிராயமே கிடையாது. அதுதான் எங்க பலம்.”

“எனக்கு அவங்க வேணும். முதல்ல சுடுதண்ணியைச் சரிபண்ணுங்க. நோட்டீசை வாபஸ் வாங்குங்க.”

“தாராளமா. உங்க வீடு, உங்க வார்த்தை.” கல்யாணசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை நம்ம ஆண்டு விழா. சிறந்த உரிமையாளர் விருது உங்களுக்குத்தான், எல்லாருக்கும் சொல்லியாச்சு. இப்ப வாபஸ் வாங்கினா என்ன சார் நினைப்பாங்க? மேடையில மைக் கொடுக்கறோம். அங்க நீங்களே சொல்லிடுங்க, அவங்க இருக்கட்டும்னு. கருணையும் உள்ளவர்னு பேர் வரும். சொன்ன அடுத்த நிமிஷம் நோட்டீஸ் செல்லாது. நீங்க சொல்லலைன்னா செல்லும், அவ்வளவுதான்.”

வரதராஜனுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு வாக்கியம்தானே. பொன்மனைக்காரர்கள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்கும்போது நியாயமாகத்தான் படும்.

விழாவுக்குக் காரில் போகும்போது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கணேசலிங்கம் அங்கிளும் ரஞ்சினி ஆன்ட்டியும் வீட்டை விட வேண்டாம். “ஏறினதும் முதல்ல அதைச் சொல்லிடுங்க” என்றாள் நாகலட்சுமி. இந்தக் கதையில் யாரும் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான்.

மண்டபம் நிறைந்திருந்தது. உரிமையாளர்களுக்கு உறை போட்ட நாற்காலிகள். வாடகைக்காரர்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஒரு கயிறு. பேட்டரிக் குத்துவிளக்கை ஏழு பேர் மாறி மாறி ஏற்றினார்கள். கல்யாணசுந்தரம் மைக்கைப் பிடித்தார்.

“பெருமதிப்பிற்குரிய உரிமையாளப் பெருமக்களே, விரைவில் விடைபெற இருக்கும் வாடகைதாரச் செல்வங்களே! வீடு என்பது என்ன? செங்கல்லா? இல்லை. சிமெண்டா? இல்லை. வீடு என்பது நிர்வாகம்! உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறும். நிர்வாகம் மாறாது. ஒரு வீட்டில் ஆள் இருந்தால் ஒரு பிரச்சினை, ஆள் இல்லாவிட்டால் ஒரு பிரச்சினை. இரண்டையும் ஒரே கட்டணத்தில் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம்!”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. முதலில், வெளியேறப்போகும் வாடகைக்காரர்களுக்கு மரியாதை. கணேசலிங்கத்தையும் ரஞ்சினியையும் மேடைக்கு அழைத்து, புகாரின்றி வெளியேறும் தம்பதி என்று கேடயம் கொடுத்தார்கள். கணேசலிங்கத்துக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அவர் கூச்சத்தோடு சபையை வணங்கினார். ரஞ்சினி படியிறங்க நேரமெடுத்தது. கிரிஜா கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பிறகு வரதராஜன். பொன்னாடை, மாலை, கேடயம், போட்டோ. மைக் கைக்கு வந்தது. பின்வரிசையில் கணேசலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது மரியாதையில்லை என்று, எல்லோருக்கும் நன்றி சொன்னார் வரதராஜன். அடுத்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தபோது கல்யாணசுந்தரம் காதோடு, “சபை காத்துக்கிட்டிருக்கு சார். அந்த பேஸ்பால் பத்தி ரெண்டு வார்த்தை, அப்புறம் அதைச் சொல்லிக்கலாம்” என்றார்.

வரதராஜன் ஆரம்பித்தார். மண்டபம் அமைதியாகக் கேட்டது. யாரும் எழுந்து பிரியாணி எடுக்கப் போகவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மாள், “அப்புறம்?” என்றுகூடக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்புறம் என்று கேட்டதில்லை. அவர் மேனேஜரின் வேலையை விளக்கினார். கை நீட்டுவதை நடித்துக் காட்டினார். பிட்சர் எறிவதைக் காட்டும்போது பொன்னாடை நழுவி விழுந்தது, சபை சிரித்தது, அவரும் சிரித்தார். வயதான பிட்சரைப் பற்றிச் சொல்லும்போது குரல் தானாக உயர்ந்தது. “பாசம் வேற, மேட்ச் வேற!” என்றார். மண்டபம் அதிர்ந்தது. மணி அடித்தார்கள். யாரோ மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அடுத்து பரதநாட்டியம்.

கீழே வந்து உட்கார்ந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பலர் வந்து கைகுலுக்கினார்கள். கார் எம்4 சாலையில் ஏறிய பிறகு நாகலட்சுமி கேட்டாள்.

“நீங்க அதைச் சொல்லவே இல்லையே?”

“மணி அடிச்சுட்டாங்க” என்றார் வரதராஜன்.

திங்கட்கிழமை போன் செய்தார். கிரிஜா வேலையை விட்டுப் போயிருந்தாள். புதிய உறவு ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கோப்பைப் படித்து முடிக்க அவகாசம் கேட்டார். அதற்குள் வேறு யாருக்கோ வீடு உறுதியாகியிருந்தது. கல்யாணசுந்தரம் லைனில் வந்து, “கடைசி வரைக்கும் உங்க கொள்கையை விட்டுக்கொடுக்கலை பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கறீங்க” என்றார். வரதராஜன் சரி என்றார். பல்லுக்கு மரப்பு ஊசி போட்டது போல் இருந்தது. வலிக்க வேண்டிய இடம் எதுவென்று தெரிந்தது, வலி வரவில்லை. சண்டை போடலாம், வக்கீலைப் பார்க்கலாம், நேரே போய்க் கதவைத் தட்டி இங்கேயே இருங்கள் என்று சொல்லலாம். ஒவ்வொன்றையும் நினைத்தார். நினைப்பது முடிந்ததும் சாப்பிட்டார்.

வீடு காலியான அன்று போனார். நாகலட்சுமி போகச் சொன்னாள். வாசலில் ஒரு வேன் நின்றது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து ஒரு பிளம்பர் வந்தார். வருகிறவர்களுக்காகப் புது ஹீட்டர் மாட்டியாகிவிட்டது, தண்ணீர் கொதிக்கிறது, குழாயைப் பார்த்துத் திறக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ரஞ்சினி வேனின் முன் சீட்டில், கறிவேப்பிலைத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரதராஜனைப் பார்த்துச் சிரித்தாள்.

“குசினி எல்லாம் துடைச்சு விட்டிருக்கு தம்பி” என்றாள். “மேல் தட்டு மட்டும் எட்டேல்லை.”

கணேசலிங்கம் கடைசிப் பெட்டியோடு படியிறங்கி வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அண்டைக்கு நல்லாக் கதைச்சனீங்கள் தம்பி. எனக்கு அந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. ஆனா நீங்கள் சொன்ன விதத்தில விளங்கிச்சு.” முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டார். “அந்தப் பந்தெறியிற வயசான மனுசன். அவரை இறக்கிப்போட்டினமோ?”

“போன மாசம் இறக்கிட்டாங்க அங்கிள்.”

“இப்ப எங்க அவர்? என்ன செய்யிறார்?”

அந்தப் பிட்சர் எத்தனை வருஷம் ஆடினார், எத்தனை பேரை வெளியேற்றினார், எந்தக் கை வலித்தது என்பதெல்லாம் வரதராஜனுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இதைத் தேட வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

“தெரியலை அங்கிள்” என்றார். “இறங்கிப் போனதுக்கு அப்புறம் அவங்களைக் காட்டமாட்டாங்க.”

“ஓம்” என்றார் கணேசலிங்கம். சாவியை வரதராஜனின் கையில் வைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி நடந்தார்.